முப்பத்தெட்டு ரூபாய்

கொக்குவிலில் ரயர் கடைக்கு மேலே
வாடகை அறை.
மேசையில் குடல் திறந்து கிடக்கிறது
நாங்கள் செய்யும் விளையாட்டுப் பெட்டி.
சுகிர்தன் ஈயம் உருக்குகிறான்.
மெற்றில்டா, கடலில் ஒரு வள்ளத்தை
பாறைகளுக்கிடையே ஓட்டும் விளையாட்டு எழுதுகிறாள்.
என் வேலை விலை.

பெரிய கொம்பனிகள்
பெட்டியை நட்டத்துக்கு விற்கும்,
விளையாட்டில் பிடிக்கும்.
தூண்டிலைச் சும்மா தந்துவிட்டு
ஆயுள் முழுக்கப் புழு விற்கிற வியாபாரம்.
நல்ல வியாபாரம்தான்.
ஆனால் நட்டப்படுவதற்கும்
முதல் வேண்டும்.

எங்கள் முதல் லாவலில் இருக்கிறது,
என் மச்சான் கருணைராஜாவின் வங்கிக் கணக்கில்.
எங்களுக்கு நடுச்சாமம் ஆனதும் திரையில் வருவார்:
"வெளியை கண்ணாடி மாதிரி மினுங்கோணும்.
இஞ்ச இருக்கிற எங்கட சனம்
முந்நூறு டொலருக்கு வேண்டும், பிள்ளை."
ஓமென்று எழுதிக்கொண்டேன்.
ஏழாயிரத்து நானூறு ரூபாய் என்ற என் வரியை
அழிக்கவும் இல்லை.

சனிக்கிழமை
குருநகரில் ஜெசிந்தாவின் ரீலோட் கடைக்கு
மாதிரிப் பெட்டியைக் கொண்டுபோனோம்.
விளையாடியது ஒரு பெடியன்.
பின்னால் நின்று
இடப்பக்கம், இல்லையடா வலப்பக்கம் என்று
வள்ளம் ஓட்டியவர்கள் பதின்மூன்று பேர்.
ஒரு கைக்கு ஒரு பெட்டி என்று
ஆறு மாதமாய் நான் போட்ட கணக்கு
அந்தக் கடை வாசலிலேயே கவிழ்ந்தது.

வாங்கப்போவது ஜெசிந்தா.
பிள்ளைகள் சில்லறை.
இருபது நிமிடம், ஐம்பது ரூபாய்.
கண்ணாடி மினுக்கத்தை வெட்டினேன்.
பொத்தான்களைத் தடிப்பாக்கினேன்,
உப்புக் காற்றுக்கும்
மிக்சர் எண்ணெய் விரலுக்கும்.
கரண்ட் போனாலும் ஓட, பழைய வகைப் பற்றறி.
நேரம் எண்ணும் சிப், இருபத்திரண்டு ரூபாய்.

அது சரியாகத்தான் எண்ணியது.
அடுத்த கிழமை, கடைசிப் பாறைக்கு
இரண்டு பாகம் முன்னால்
டெல்வினின் திரை கறுத்தது.
அவன் சத்தம் போடவில்லை.
சூடு ஆறும்வரை பெட்டியை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தான்.
மறுநாள் வரவில்லை.
அதற்கடுத்த நாளும்.
ஜெசிந்தா கொப்பியைக் காட்டினாள்:
பதினான்கு பேர், ஒன்பது பேர், நாலு பேர்.

விட்ட இடத்தை நினைவில் வைக்க
ஒரு சின்னச் சிப் போதும் என்றாள் மெற்றில்டா.
முப்பத்தெட்டு ரூபாய்.
லாவலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது,
"ஆயிரம் பெட்டிக்கு எவ்வளவெண்டு பாத்தனீரே?"
பார்த்தேன்.
"பெடியள் திரும்ப முதலிலயிருந்து விளையாடட்டும்,
அப்பதானே கூட நேரம் ஓடும், கூடக் காசு."
கொப்பியைத் திரைக்குப் பிடித்தேன்.
பதினான்கு, ஒன்பது, நாலு.
தன் வள்ளம் எங்கே நிற்கிறதென்று தெரிந்தவன்தான்
நாளைக்கு ஐம்பது ரூபாயோடு வருவான் என்றேன்.
அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து
"சரி, போடும்" என்றார்.

நான் சொன்னது பொய்யில்லை.
ஆனால் அதற்காகவா சொன்னேன்?
விற்பனை உத்தி என்ற நிரலில்
முப்பத்தெட்டை எழுதினேன்.
வேறு நிரல் அந்தத் தாளில் இல்லை.

சிப்பில் பதினாறு பேருக்கு இடம்.
பதினேழாவது பிள்ளை வந்து அமர்ந்தால்
முதலாவது பிள்ளையின் வள்ளம்
சத்தமில்லாமல் அழியும்.
சுகிர்தனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.
இன்னும் அதைப் பற்றி
நாங்கள் கதைக்கவில்லை.